இரும்பனின் கையுறை

பதினெட்டு வருஷம் கரடி வேஷம் கட்டியவரை இனிமேல் 'இரும்பன்' என்ற இயந்திர மனிதனாக இறக்கப் போவதாக மல்யுத்தக் கம்பெனி முதலாளி சொன்னபோது, கரடிக்குத் தலைகால் புரியவில்லை. வயது ஐம்பத்திரண்டு. கழுத்தைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், "தலைகீழா விழுந்தா அவ்வளவுதான்" என்று அடித்துச் சொல்லி நாலு வருஷமாகிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்து டிவி பார்க்கிற பயில்வானுக்கு அதெல்லாமா காதில் ஏறும்?

கூடவே கூடாது என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் இறங்கி வந்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"என் தம்பிகூட மட்டும்தான் மோதணும். வேற எவன் கையிலயும் உங்க கழுத்தக் குடுக்காதீங்க."

அதில் நியாயம் இருந்தது. யார் ஜெயிப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததுதான். நிஜமான பேச்சு கையில் மட்டும் நடக்கும். தூக்கிப் போடுவதற்கு முன்னால் எதிராளியின் கையை ஒரு அமுக்கு அமுக்கினால் 'நல்லா இருக்கியா?' என்று அர்த்தம். திருப்பி அமுக்கினால் 'சரி'. அமுக்காவிட்டால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மச்சினனும் அவரும் இத்தனை வருஷம் அப்படித்தான் முழுசாக வீடு திரும்பினார்கள்.

ஒத்திகை வெறுங்கையோடு முடிந்தது. வேஷம் ஆட்டத்தன்றுதான் வந்தது. தகரத் தலைக்கவசம், வெள்ளி பெயின்ட், முழங்கைவரை ஸ்பாஞ்சு திணித்த கையுறை.

"பழைய ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கீங்க மாமா" என்று மச்சினன் சிரித்தான். கரடியும் சிரித்தார். கையுறையைப் பற்றி இரண்டு பேருக்குமே ஒன்றும் தோன்றவில்லை.

முதல் தடவை தூக்கிப் போட்டதிலேயே பிசகிவிட்டது. கவசம் தரையில் இடிக்க, கழுத்துக்குள் ஏதோ மளுக்கென்றது. வலியே இல்லை. அதுதான் அவரைக் கதிகலங்க வைத்தது.

"மாப்ள, நிறுத்துடா" என்றார். குரல் தகரத்தைத் தாண்டவில்லை. வெளியே ஒலிபெருக்கி இயந்திரச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

மச்சினன் குனிந்து அவர் கையை அமுக்கினான். அமுங்கிய ஸ்பாஞ்சு தானாகவே உப்பி எழும்பியதைக் கவசத்தின் ஓட்டை வழியாகக் கரடி பார்த்தார். அவன் முகம் தெளிந்தது. திருப்பி அமுக்கிவிட்டாராம்!

"அசத்துறீங்க மாமா. அசல் மெஷினேதான்" என்று கிசுகிசுத்துவிட்டு, பேசி வைத்தபடியே இரண்டாவது தடவையும் தூக்கினான்.

அடுத்து இரும்பன் எழுந்து ஜெயிக்க வேண்டும். கூட்டம் கைதட்டிக் கூப்பிட்டது. மூன்றாவது வரிசையில் மனைவியும் எழுந்து நின்று தட்டினாள். தம்பி கையில்தானே இருக்கிறார் என்ற தைரியம், பாவம்.

இரும்பன் எழவில்லை. மச்சினனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. கையுறையை உருவியெறிந்து, வெறும் கையைப் பிடித்து அமுக்கினான்.

அப்பாடா என்றிருந்தது கரடிக்கு. உயிரோடு இருக்கிறேன் என்றாவது சொல்லிவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி அமுக்கினார்.

"அமுக்குங்க மாமா" என்றான் மச்சினன். "ஒரே ஒரு தடவ அமுக்குங்க."