ஹாஜராவுக்குச் சொல்லாத மௌத்து

றஹ்மத் உம்மா விடியற்காலை சுபஹுக்குச் சற்று முன்பு மௌத்தானபோது, அவருடைய மகன் பதியுதீன் மூன்று இரவுகளாகக் கண் மூடியிருக்கவில்லை. இரவெல்லாம் தாயைப் புரட்டிப் படுக்கவைத்தான். பகலில் நுரைச்சோலைக்கு ஆட்டோவில் ஆள் ஏற்றினான். அன்று காலை தேநீருக்குச் சீனி போட்டுவிட்டு, போடவில்லை என்று நினைத்து மறுபடியும் போட்டதை அவன் மனைவி நிஃப்லா பார்த்தாள்.

பின்னேரம் அஸருக்கு அடக்கம் என்று முடிவானது. அவனுடைய ஒரே தங்கை ஹாஜரா மறிச்சுக்கட்டியில் இருந்தாள். சண்டை முடிந்தபின், இவர்கள் தங்கிவிட்ட புத்தளத்து முகாமிலிருந்து சொந்த மண்ணுக்குத் திரும்பிய குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. தூரத்திலிருக்கும் பெண்பிள்ளைக்கு மௌத்தைப் போனில் சொல்வது அவர்களிடம் வழக்கமில்லை. தாய்க்கு வருத்தம் கடுமை என்று சொல்லிக் கூட்டிவந்து, வாசலில்தான் சொல்ல வேண்டும். தன் வேனில் போய்வருவதாகப் பக்கத்து வீட்டுத் தாஹிர் எழுந்தார்.

"நீங்க போய் நின்டா அவ விளங்கிருவா, தாஹிர் நானா. நான் போனாத்தான் நம்புவா."

பதியுதீன் சொன்னது எல்லாருக்கும் நியாயமாகத்தான் பட்டது. அவன் தூங்கிவிடாமல் கதை கொடுத்துக்கொண்டே போ என்று நிஃப்லாவை ஆட்டோவின் பின்னால் ஏற்றிவிட்டார்கள்.

கலா ஓயாவை நெருங்கும்போது, கபுறுக் குழி வெட்ட யார் போயிருக்கிறார்கள் என்று அவள் கேட்டாள். ஆமாம் போடுவதுபோல் "ஓம்" என்றான். கண்ணாடியில் அவன் கண்கள் திறந்தே இருந்தன. அவள் தோளில் ஓங்கி அடித்தாள். இறங்கி ஆற்றில் முகம் கழுவிவிட்டு அவன் சிரித்தான்.

"கண்ணத் திறந்துகொண்டு நித்திரை கொள்ற ஆள் முகாமுக்கே நான் ஒருத்தன்தான்."

திரும்பும்போதாவது வழியில் இருக்கும் இலவன்குளத்துக்குத் தாஹிரை வேனோடு வரச்சொல்வோம் என்று அவள் கெஞ்சினாள். ஹாஜரா கண்டுகொள்வாள் என்று அதற்கும் அவன் சம்மதிக்கவில்லை.

ஹாஜரா தாய்க்கென்று கஞ்சி காய்ச்சிப் போத்தலில் ஊற்றி எடுத்துவந்தாள். காட்டுப் பாதையில் பள்ளத்துக்குப் பள்ளம் ஆட்டோ தூக்கிப் போட்டது. அவளுடைய கேள்விகளுக்கெல்லாம் நிஃப்லா பொய் சொல்லிக்கொண்டு வந்தாள். இலவன்குளம் தாண்டித் தார் றோட்டில் ஏறியதும் சில்லுகளின் சத்தம் அடங்கியது. உச்சி வெயில். ஹாஜரா முன்னால் சாய்ந்து தமையனிடமே கேட்டாள்.

"நானா, உம்மா சாப்பிட்டாவா?"

"ஓம்."

"கதைச்சாவா?"

"ஓம்."

அவள் கஞ்சிப் போத்தலைக் கீழே வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"மறைக்காதீங்க நானா. உம்மா மௌத்தாகிட்டாவா?"

"ஓம்."

ஹாஜரா நிஃப்லாவின் மடியில் விழுந்து கதறினாள். இவனுக்கும் தாங்கமுடியாமல் சொல்லிவிட்டான் என்றுதான் நிஃப்லா முதலில் நினைத்தாள். இரண்டு கைகளாலும் நாத்தனாரை அணைத்துப் பிடித்தாள். மூன்று முறையும் குரல் ஒரே மாதிரி இருந்தது அதன் பிறகே அவளுக்கு உறைத்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். கண்கள் திறந்துதான் இருந்தன. அவள் கை அவன் தோளை எட்டுமுன் மதகுக் கட்டு வந்துவிட்டது.

பதியுதீன் அந்த இடத்திலேயே முடிந்துபோனான். ஹாஜராவின் இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் அவள் நினைவில்லாமல் கிடந்தபோது, பிள்ளைகள் இருவரும் இல்லாமலே றஹ்மத் உம்மாவை அஸருக்கு அடக்கினார்கள். மரண விசாரணை முடிந்து மறுநாள்தான் மகனின் ஜனாஸா கிடைத்தது.

நிஃப்லா கணவனுக்காக இத்தாவில் இருந்த மூன்றாம் மாதம் ஹாஜரா ஊன்றுகோலோடு வந்தாள். கதிரையில் உட்காரவே அவளுக்கு நேரம் எடுத்தது.

"நான் கேட்டதாலதானே மச்சி, நானா கலங்கிப்போய் ஹேண்டில விட்டுட்டார்?"

அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட நிஃப்லாவால் முடிந்திருக்கும். தாய்க்காக அழுதுகொண்டே போனான் என்றுதான் ஊரும் சொல்லிக்கொண்டிருந்தது.

"நீங்க கேட்டது அவருக்குக் கேக்கவே இல்ல, ஹாஜரா. அவர் நித்திரை. போகக்குள்ளயும் அப்படித்தான், எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் உங்களப் பிடிச்சுக்கொண்டு இருந்துட்டேன்."

ஹாஜரா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"அப்ப உம்மா மௌத்தானத எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல."

அன்றைக்கு வாசலில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டியதை நிஃப்லா அப்போதுதான் அவளுக்குச் சொன்னாள்.