புரதமில்லாத எலி

மேனகாவின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதத்தில் அவளுடைய ஆய்வுக் கட்டுரை வெளிவந்துவிட்டது. அவர் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோதுதான் பார்த்தாள். அதில் அவள் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில், படமெடுக்க உதவியதற்கு ஒரு வரி நன்றி இருந்தது.

சேதராப்பட்டு போகும் வழியிலிருந்த அந்தத் தனியார் ஆய்வுக்கூடத்தில் நான்கு வருடமாக அவள் பார்த்தது ஒரே ஒரு புரதத்தை. இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில், ஒன்று அனுப்பும் செய்தியை மற்றதன் ஏற்பிகள் வாங்கிக்கொள்ளும். அந்த ஏற்பிகள் இடம் விலகாமல் அடியில் தாங்கிப் பிடிக்கும் புரதங்களில் ஒன்று ஷாங்க். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல் என்பதால் சாரப் புரதம் என்பார்கள். புதிர்ப்பாதையில் வழி கற்றுக்கொண்ட எலிகளின் மூளையில் அது கூடுகிறது என்பதுதான் கட்டுரை. ஷாங்க்கில் மட்டும் ஒட்டிக்கொள்ளும், பச்சைச் சாயம் சேர்த்த ஆன்டிபாடியைப் போட்டு, பச்சையாக ஒளிர்ந்த புள்ளிகளை எண்ணியவள் மேனகா.

துறைத் தலைவர் நெடுமாறனிடம் போய்க் கேட்டாள்.

"படம் புடிச்சுக் குடுத்த. அது ஒதவிதானம்மா," என்றார் அவர், கணினியிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

முன்பு அவர் வெட்டிவேலை என்று தடுத்திருந்த ஒரு சோதனையை அந்த வாரமே செய்து பார்த்தாள். ஷாங்க் மரபணுவே இல்லாத எலியின் மூளைத் துண்டில் அதே குப்பி ஆன்டிபாடியைப் போட்டாள். எதுவும் ஒளிரக் கூடாது. எல்லாம் பச்சையாக ஒளிர்ந்தது. ஆன்டிபாடி வேறெதிலோ ஒட்டியிருக்கிறது. கட்டுரையே தப்பு.

அன்றே சொல்லியிருக்கலாம். தன் பெயர் அதில் இல்லாதது அவளுக்கு முதன்முறையாக இனித்தது. நெடுமாறன் இன்னும் உயரத்துக்கு ஏறட்டும் என்று காத்திருந்தாள். அவர் விருது வாங்கிய விழாவில் முதல் ஆளாகக் கைதட்டினாள்.

எட்டு மாதம் கழித்து, கடற்கரைச் சாலை ஓட்டல் ஒன்றில் கருத்தரங்கு. பாரிஸிலிருந்து வந்த நிபுணர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். நெடுமாறன் பேசி முடித்ததும் மேனகா மைக்கை வாங்கினாள்.

"சார், ஷாங்க் இல்லாத எலியில இந்த ஆன்டிபாடியப் போட்டுப் பாத்தீங்களா?"

"அதுக்கு அவசியமில்ல. ஒக்காரு."

"நான் பாத்தேன் சார்."

பென் டிரைவை மேடைக்குக் கொடுத்தனுப்பினாள். திரை முழுக்கப் பச்சை. நெடுமாறன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் திருகிக்கொண்டே நின்றார். அவள் ஒரு கணம்கூடக் கண்ணை எடுக்கவில்லை.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அவருடைய தலைவர் பதவி போயிற்று.

மறுவாரம் கவிநிலா வந்தாள். அந்தக் கட்டுரையை நம்பி அங்கேயே முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருந்த பெண்.

"எப்பக்கா தெரியும் ஒங்களுக்கு?"

"மாசியில."

"நான் சித்திரையில சேந்தேன். ஆன்டிபாடி எவ்ளோ கலக்கணும்னு நீங்கதான் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தீங்க."

மேனகா பக்கத்து நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டாள். பிறகு, "புதுசா ஆரம்பிக்கலாம். நானே கூட இருந்து செஞ்சு தரேன்," என்றாள்.

"வேணாங்க்கா. வேற லேபுல கேட்டிருக்கேன்."

குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

நெடுமாறனை நினைத்தால் மேனகாவுக்கு இன்றும் இரக்கம் வருவதில்லை. கவிநிலாவுக்கு மூன்று முறை போன் செய்துவிட்டாள். அவள் எடுக்கவில்லை.