மோரில் நூறு

நான் முப்பது வருஷம் களியக்காவிளைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே பஸ் கண்டக்டராக இருந்தவன். தமிழில் கேட்டால் தமிழில் டிக்கெட், மலையாளத்தில் கேட்டால் மலையாளத்தில். இந்தச் சுவாமிதாசுக்கு இரண்டு பாஷையும் தெரியாது என்று எவனாவது சொல்லியிருந்தால் அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டிருப்பேன். அந்தத் திமிர்தான் என் மகளைக் கொல்லப் பார்த்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேட்டுவிட்டு என்மேல் யாரும் பரிதாபப்பட வேண்டாம்.

அனுமோள் எனக்கு ஒரே மகள். மருமகன் நிபினுக்கு மஸ்கட்டில் வேலை. மனைவி ராஜபாய் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அதனால் ஆறு மாதக் கர்ப்பத்தோடு மகள் கொல்லயில் ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் நான்தான் நின்றேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்ததில் கால்சியம் குறைவு என்று வந்தது. மாத்திரையும் எழுதினார்கள், சாப்பாட்டையும் கவனிக்கச் சொன்னார்கள்.

சாப்பாடு என்றால் எப்படி? பால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. முள்ளோடு மென்று தின்கிற மாதிரி நெத்தோலி வறுத்தேன், வாசனைக்கே ஓங்கரித்தாள். முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, கேப்பைக் கூழ் எல்லாம் செய்து பார்த்தேன். இரண்டு வாய் தின்பாள். "போதும்பா" என்று தட்டைத் தள்ளுவாள். எனக்குக் கோபம் வரும், கோபத்துக்குப் பின்னால் பயமும் வரும். குழந்தைக்கு எலும்பு வைக்க வேண்டாமா?

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயம் சொல்லித்தருகிற சிஸ்டருக்குப் போன் போட்டேன். பாறசாலை ஜங்ஷனில் நிற்கிறேன், பின்னால் லாரி ஹாரன். சிஸ்டர் மலையாளத்தில் சொன்னார்: "பாலு பற்றில்லெங்கில் மோரு கொடுக்கூ. ஆத்யம் நூறு மதி, பின்னெ மெல்லெ கூட்டாம்."

பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் மோர் கொடுங்கள், முதலில் நூறு போதும், பிறகு மெல்லக் கூட்டலாம். நூறு மில்லி என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். ஹாரனில் மில்லி போய்விட்டது. எங்கள் பக்கம் வெற்றிலை போடுகிறவர்கள் சுண்ணாம்பையும் நூறு என்றுதான் சொல்வார்கள். கால்சியத்துக்குத் தமிழில் சுண்ணாம்புச்சத்து என்று பேர் அல்லவா? எனக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டு பாஷையும் சேர்ந்து ஒரே பொருளைக் காட்டுகிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

பக்கத்து வீட்டு விஜயம்மா வெற்றிலை போடுவாள். அவளிடம் போய் நூறு கேட்டேன்.

"அண்ணன் வெத்தல போடத் தொடங்கியாச்சா?"

"எனக்கில்ல. அனுமோளுக்கு, மோருல கலக்க."

"புள்ளத்தாச்சிக்கா? நல்லா கேட்டேளா?"

"சிஸ்டர் சொன்னதாக்கும். நீ என்ன நர்சா?" என்றேன். அவள் டப்பாவை நீட்டினாள்.

முதல் நாள் நகத்தளவு கரைத்தேன். அனுமோள் ஒரு மடக்குக் குடித்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மிச்சத்தையும் குடித்துவிட்டாள். எதையும் தள்ளுகிற பிள்ளை இதைத் தள்ளவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு வாரம் கழிந்து கூட்டினேன். அடுத்த வாரம் அரைக் கரண்டி. மாத்திரையையும் ஒன்றுக்கு இரண்டாக்கினேன்.

பிறகு அவளுக்குத் தாகம் வந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். வெளிக்கிப் போகவில்லை. காலையில் வாந்தி, மாலையில் அசதி. சத்து பற்றவில்லை என்று நினைத்து முழுக் கரண்டி போட்டேன்.

ஒரு மத்தியானம் கட்டிலில் கிடந்தவள் கேட்டாள்: "அம்மா எங்கப்பா? ரப்பர் ஷீட்டு உணக்கப் போயிருக்காளா?"

"மக்கா, அம்மா இல்லல்லா," என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள், கொஞ்சம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் ஒரு கிளாஸ் கலக்கிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை.

திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர்யா, சின்னப் பெண்தான், ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்று மலையாளத்தில் சொன்னாள். என்னவெல்லாம் கொடுத்தீர்கள் என்று கேட்டாள். மாத்திரையைச் சொன்னேன். மோரில் நூறு கொடுத்ததைச் சொன்னேன். அவள் தலை நிமிராமல் எழுதினாள்: மோர், 100 மில்லி.

அந்த மில்லியைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. சிஸ்டர் சொன்னது என்ன, நான் கொடுத்தது என்ன என்று அந்த நிமிஷமே புரிந்தது. ஒரு வார்த்தை திருத்தினால் போதும். வாய் வரவில்லை. சொந்த மகளுக்குச் சுண்ணாம்பு கொடுத்தவன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இப்படியும் ஒரு வெட்கம் உண்டு.

மாத்திரை மட்டும் இவ்வளவு ஏற்றாது, கழுத்தில் கால்சியத்தைக் கவனிக்கிற சுரப்பி கெட்டிருக்குமோ என்று அவர்கள் கழுத்தை ஸ்கேன் செய்தார்கள். இரண்டாம் நாள் எட்டு மாதத்திலேயே வலி வந்து பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் அதன் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

ஆர்யா வெளியே வந்தாள். "குழந்தையோட ரத்தத்துல கால்சியம் ரொம்பக் குறைஞ்சு போச்சு," என்றாள், இந்த முறை எனக்காகத் தமிழில். "தாயிட்டேந்து அளவுக்கு மீறி வந்ததினால அதுக்க உடம்பு தானா கால்சியம் பிடிச்சு நிறுத்தப் பழகல்ல. தாய்க்கு எங்கேந்து வந்ததுன்னு தெரியாம கழுத்துல ஆபரேஷன் வேணுமோன்னு பெரிய டாக்டர் யோசிக்கியாரு."

"நூறுன்னா மில்லி இல்ல டாக்டரே," என்றேன். "வெத்தலைக்கு இடுத சுண்ணாம்பு. ஒரு மாசமா நானாக்கும் குடுத்தேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. பேனாவை எடுத்து எழுதியதை அடித்தாள். பிறகு உள்ளே ஓடினாள். ஆபரேஷன் நின்றது. குழந்தைக்கு நரம்பில் கால்சியம் ஏற்றினார்கள். இழுப்பு நின்றது. மூளையைத் தொட்டிருக்குமா என்றால் வளரும்போதுதான் தெரியும் என்றார்கள்.

அனுமோளுக்குத் தெளிவு வந்த நாளில் அவள் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"சுண்ணாம்புன்னு முதல் நாளே தெரியும்பா. நாக்கு பொத்துச்சு," என்றாள்.

"பின்ன ஏன் மக்கா குடிச்ச?"

"நான் எதைத் தள்ளினாலும் உங்க முகம் வாடிப்போவும். அம்மா போனபொறவு எனக்கு வேண்டி அடுப்புல நிக்கியவரு. ஆஸ்பத்திரில சொன்னதுதானன்னு நினைச்சுக் கண்ணைப் பொத்திக் குடிச்சேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டாள்.

"எனக்குக் குடுத்ததை நான் குடிச்சாச்சு. எனக்க பிள்ளைக்கு மட்டும் நீங்க உங்க கையால ஒண்ணும் குடுக்கப்பிடாது, கேட்டேளா. தண்ணி கூட."

"சரி மக்கா," என்றேன்.