பெண் வீட்டுச் சோறு

ஹம்ஸா ஒரு பழைய பையோடு காரில் ஏறிப் போனதைச் சுகுமாறன் எஸ்டேட் முனையிலிருந்த பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபடி பார்த்தார். கண்ணாடியை இறக்கி ஹம்ஸா கையை உயர்த்தினார். இவரும் உயர்த்தினார். எங்கோ கல்யாணத்துக்குப் போகிறார் போலிருக்கிறது, நாளைக்கு வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

பதினொரு வருடமாக இருவரும் காலை எட்டு மணிக்கு அந்த நிறுத்தத்தில் வந்து உட்காருவார்கள். ரெம்பாவ் பஸ் வரும், நிற்கும், போகும். இவர்கள் ஏறமாட்டார்கள். ஹம்ஸா பக்கத்திலிருக்கும் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக்காரர். முப்பது வருடம் எஸ்டேட் லாரி ஓட்டியதில் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருந்தாலும் இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஒரு லாரி கடந்து போனால், டயர் தேய்ந்துவிட்டது என்பார் ஹம்ஸா. அடுத்த லாரி வந்த பிறகுதான் சுகுமாறன் ஆமாம் என்பார். அவ்வளவே போதுமாக இருந்தது.

போன வருடம் சுகுமாறன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எஸ்டேட் ஆட்களின் வீட்டு வரிசையான லயத்தில் இப்போது வேறு தமிழ்க் குடும்பம் இல்லை. மற்ற வீடுகளில் இருக்கும் வங்காளதேசத்து ஆட்கள் விடியுமுன்பே செம்பனைக் குலை வெட்டப் போய்விடுவார்கள். மூன்று மணி நேரம் ஈரத் தரையில் கிடந்தார். எட்டு மணி தாண்டியும் ஆளைக் காணவில்லையே என்று தேடி வந்து, கதவை உடைத்து, தூக்கி உட்காரவைத்தது ஹம்ஸாதான். இனி விழுந்தால் தேடி வர யார் இருக்கிறார்கள் என்ற எண்ணம் இரண்டாம் நாளே வந்துவிட்டது. வந்ததும் வெட்கமாக இருந்தது. போன மனிதனைப் பற்றி அல்லவா முதலில் கவலைப்பட வேண்டும்?

மூன்றாம் நாள், ரொட்டி வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் சந்திரன் பேச்சை எடுத்தார்.

"என்ன மண்டோரே, உங்க கூட்டாளிய மவ வெரட்டி உட்டுட்டாளாமே?"

எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வேலையைச் சுகுமாறன் விட்டுப் பதினான்கு வருடம் ஆகிறது. ஊருக்கு மட்டும் அவர் இன்னும் மண்டோர்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பொஞ்சாதி செத்து நூறாம் நாளு கந்தூரி விருந்து வச்சாங்க. மறுநாளே பைய தூக்கிட்டாரு. வீடு மவளுக்குன்னு ஆயிருச்சு லா. அப்பறம் கெழவன் எதுக்கு?"

"அந்தப் புள்ள அப்படிப்பட்டவ இல்லையே."

"நாம கண்டமா? எல்லா வீட்டுலயும் வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு."

ரொட்டியை வாங்காமலேயே சுகுமாறன் கம்பத்துப் பாதையில் நடந்தார். கோல் ஊன்றி நடந்தால் அரை மணி நேரம். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மலாயில் கோத்துக்கொண்டே போனார்.

ஹம்ஸாவின் மகள் நோர்லியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும், "வாங்க பாக்சிக், மேல வாங்க," என்றாள் மலாயில். சின்ன வயதிலிருந்தே அவரைச் சித்தப்பா முறை வைத்துத்தான் கூப்பிடுவாள்.

அவர் படியேறவில்லை.

"இவ்ளோ பெரிய வீட்டுல ஒரு கெழவனுக்கு ஒரு மூல இல்லாமப் போச்சாம்மா?"

அவளுடைய கையிலிருந்த ஈரச் சட்டை சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் பக்கவாட்டு ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு கட்டில். விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. தலையணை மேல் மடித்து வைத்த கைலி.

"தெனமும் தட்டிப் போடறேன். நான் போகச் சொல்லல, பாக்சிக். கால்ல விழாத கொறையா கெஞ்சினேன். பள்ளிவாசல் இமாம வச்சுச் சொன்னேன். கேக்கல."

"பின்ன ஏன் போனான்?"

"எங்க பழைய வழக்கம் தெரியுமில்ல? வீடு பொம்பளைங்களோடது. பாட்டி வீடு அம்மாவுக்கு, அம்மா வீடு எனக்கு. கட்டிக்கிட்டு வர ஆம்பள விருந்தாளி மாதிரி. அம்மா போயிட்டா, நான் யாரு இங்க, கொண்டு வந்தத எடுத்துக்கிட்டு என் ரத்தத்துக்கிட்ட போறேன்னு சொன்னாரு. கோலா பிலாவுல அத்த வீட்டுலேருந்து ஆள வரச் சொன்னதும் அவருதான். இப்பல்லாம் யாரு அப்படிப் போறாங்க? பொண்ணு வீட்டுல ஒட்டிக்கிட்டுக் கெடக்குறான்னு பேரு வாங்க மாட்டாராம்."

சுகுமாறன் படியில் உட்கார்ந்துவிட்டார். அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். குத்திக்காட்டும் குரலில் இல்லாமல், தெரியாததைத் தெரிந்துகொள்வதுபோலக் கேட்டாள்.

"உங்க பொண்ணும் கூப்பிட்டாங்களாமே. அப்பா சொன்னாரு. நீங்க ஏன் போகல?"

"எங்க ஆளுங்கள்ல அந்த வழக்கம் இல்லம்மா. மவன் இருக்கான்."

"எங்கள்லயும் இல்லன்னு சொல்லித்தான் எங்கப்பா போனாரு."

தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதிலிருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தார். கோத்துக்கொண்டு வந்த மலாய் வார்த்தைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் ஹம்ஸாவுக்குப் போன் போட்டார்.

"எப்படிடா இருக்கே?"

"நல்லாருக்கேன் சுகு. தங்கச்சி மவ வேளா வேளைக்குச் சோறு போடுறா. எல்லாரும் நல்லவங்க."

"அப்பறம் ஏன் கொரலு இப்படி இருக்கு?"

"நோர்லியா மொகத்துல முழிச்சே பழகிட்டேன்."

"திரும்பி வந்துரு."

"நானே கெளம்பி வந்துட்டு, நானே எப்படித் திரும்பறது?"

இருவரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஹம்ஸா இருமினார். சுகுமாறன் தன்னையறியாமல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

மகன் புவனேஸ்வரன் ஜொகூரில் இருக்கிறான். விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். கூப்பிடும்போதெல்லாம், அடுத்த மாதம் பெரிய வீடாகப் பார்த்துவிடுகிறேன் அப்பா என்பான். பொய் சொல்கிறவன் இல்லை. அந்த மாதம்தான் வரவில்லை. மகள் ரோகினி ராசாவில் இருக்கிறாள். அவர் விழுந்ததைக் கேட்டதும் ஓடி வந்து, பின்னறையை ஒழித்து வைத்திருக்கிறேன், வாங்க என்று மூன்று முறை கூப்பிட்டாள். மகன் உயிரோடு இருக்கும்போது பெண் வீட்டில் போய்ச் சோற்றுக்கு உட்கார்ந்தால் ஊர் காறித் துப்பும் என்று அவர் சொன்னார். மூன்றாவது முறை அவள் அழுதுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. போனில், சாப்பிட்டீங்களா என்பதோடு சரி. அவள் வீட்டுக்குப் போன நாட்களிலும் அவர் தேநீருக்கு மேல் கை நனைத்ததில்லை.

அந்த ஊர் எது என்று இப்போது யோசித்துப் பார்த்தார். லயத்தில் யாருமில்லை. சந்திரன் ஒருவன்தான்.

சனிக்கிழமை காலை இரண்டு வேட்டி, நாலு சட்டை, மருந்து, மனைவியின் படம் எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்துக் கட்டினார். மகளிடம் சொல்லவில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை. பஸ் வந்து நின்றதும் ஏறினார். டிரைவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ராசாவில் ரோகினியின் வீட்டு வாசலில் அவள் செருப்போடு இன்னொரு ஜோடி செருப்பும் கிடந்தது. கதவைத் திறந்தவள், "அப்பா," என்று மட்டும் சொன்னாள். கண் பையின் மேல் போய்த் திரும்பியது.

"யாரும்மா அது?" பின்னறையிலிருந்து ஒரு குழறிய குரல்.

"எங்கப்பா வந்துருக்காரு, அத்த."

மருமகன் தேவனின் தாய் மங்கம்மா. கோலா சாவாவில் தனியாக இருந்தவளுக்குப் பத்து நாளைக்கு முன் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம். வேறு பிள்ளை இல்லை. ரோகினி சமையலறையில் மெல்லச் சொன்னாள்.

"போன்ல சொல்லலாம்னு நெனச்சேன். நீங்க எப்படியும் வரப்போறதில்லன்னு..."

"அதுக்கென்ன. சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

கை கழுவக் குளியலறைக்குப் போனார். சுவரில் முன்பு இல்லாத இரும்புக் கம்பி ஒன்று, அவருடைய இடுப்பு உயரத்துக்குப் பதித்திருந்தது. சிமெண்டின் நிறம் ஒன்றும் பத்து நாளையதாக இல்லை, வெளுத்து மாதக்கணக்காகியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

சோறு போட்டாள். இன்றைக்கு அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மீன் குழம்பு, கீரை. மறுசோறும் வாங்கிக்கொண்டார். அவள் எதிரே உட்கார்ந்து தகப்பன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பைல என்னப்பா?"

"பழைய துணி. கோயில்ல குடுக்கலாம்னு."

அவள் பையை ஓரமாக நகர்த்தினாள். அதன் கனம் கைக்குத் தெரிந்திருக்கும். கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றாள்.

"எப்ப கெளம்புறீங்க சம்பந்தி?" உள்ளேயிருந்து மங்கம்மா மரியாதைக்குக் கேட்டாள்.

"அஞ்சரை பஸ்ஸுக்கு."

"அவரு வேலை விட்டு வரட்டும்பா," என்றாள் ரோகினி தணிந்த குரலில். "ஹால்ல ஒரு கட்டிலு போடலாமான்னு கேட்டுப் பாக்குறேன்."

கேட்டுப் பார்க்கிறேன். இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் இத்தனை நாள் வராமல் இருந்தார். எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடலாம். கால் அதற்குத் தயாராகத்தான் இருந்தது.

அவள் மாமியாரைத் திருப்பிப் படுக்கவைக்க உள்ளே போய்விட்டாள். அவர் ஹாலில் நாற்காலி நுனியில், முழங்கால் மேல் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவர்க்கடிகாரம் ஐந்து காட்டியது. பிறகு ஐந்தரை. பிறகு ஆறு. அவர் அதைப் பார்த்தார், எழவில்லை.

வெளியே கேட் இழுபடும் சத்தம் கேட்டது. மருமகன் வந்துவிட்டான். சுகுமாறன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நாற்காலிக் கையை அழுத்திப் பிடித்து, மெல்ல எழுந்து நின்றார்.