பூங்குழலியின் புது விலாசம்

பூங்குழலி மேசையில் ஓங்கி அடித்த வேகத்தில் தனசேகரனின் டீ தளும்பி கீபோர்டு மேல் சிந்தியது. மாதப் பரிசோதனைக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் எங்க இருக்கேன்னு அவனுக்கு எப்டி சார் தெரிஞ்சுது?”

செஞ்சியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர் தனசேகரன். அவருக்கு அவளை நினைவிருந்தது. போன வாரம்தான் வந்து, தொண்டூரில் இருக்கும் புருஷன் வீட்டு விலாசத்தை எடுத்துவிட்டு, செஞ்சியில் பிடித்திருந்த வாடகை அறையின் விலாசத்தைப் போடச் சொன்னாள். ஏழு மாத வயிறு. புருஷன் அடித்ததில் காதுக்குக் கீழே கன்றியிருந்தது. யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சிவிட்டுப் போனாள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் விலாசத்தை மாற்றியதுமே சாஃப்ட்வேர் ஒரு செய்தி அனுப்பியது, கதவு எண், தெருப் பெயர் எல்லாம் சேர்த்து, பதிவில் ஏற்கெனவே இருந்த செல் நம்பருக்கு. அது அவள் புருஷன் ரஞ்சித்தின் நம்பர்.

நேற்றுச் சாயங்காலம் ரஞ்சித் வந்து அந்த அறையின் கதவை உதைத்தான். கீழ்வீட்டுக்காரர்கள் கூடி அவனைத் துரத்தினார்கள். பிறகு அவளையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

“அது ஆட்டோமேட்டிக்கா போற மெசேஜும்மா. நான் ஒண்ணும் பண்ணல. புருஷன் நம்பர்தானேன்னு…”

“அவங்கிட்டேர்ந்து தப்பிக்கத்தான சார் வந்து சொன்னேன்? கதவுல வுட்ட ஒதைய வயித்துல வுட்டிருந்தா?”

தனசேகரன் துணியெடுத்து டீயைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். உதைத்தவன் மேல் இருந்ததைவிட, ஒன்றும் பண்ணவில்லை என்கிற இந்த மனிதர் மேல்தான் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

“அந்த நம்பர எடுங்க.”

“நம்பர் இல்லாம சேவ் ஆவாதும்மா. உன்னுத சொல்லு.”

“என் போன அவன் ஒடச்சிட்டான். உங்க நம்பரப் போடுங்க.”

“என்னுதா?”

“ஆமா. இனிமே எவனாச்சும் தேடினு வந்தா உங்க வூட்டுக் கதவ ஒதைக்கட்டும்.”

“போடு சார்,” என்றாள் பெஞ்சிலிருந்த ஒரு பெண்.

அவர் தன் நம்பரைத் தட்டினார். திரையிலிருந்து கண்ணெடுக்காமல், “இப்ப எங்கம்மா தங்கப்போற?” என்று கேட்டார்.

“தொண்டூர்னே மாத்தி வுடுங்க. நான் போவாத ஊரு அது ஒண்ணுதான்.”

துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். புறப்படவிருந்த பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்காராமல் உள்பக்கமாக உட்கார்ந்தாள்.

“எங்கம்மா?” என்றார் கண்டக்டர்.

முன்சீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள். பிறகு கண்டக்டரைக் கையசைத்துக் கிட்டே கூப்பிட்டு, அவர் குனிந்ததும், ஊர்ப் பெயரை அவர் காதில் சொன்னாள்.