முதலாளிக்கு வாய்த்த அக்காள்

எழுபத்தெட்டாம் வருஷம் கோதண்டபாணி திருத்தணியிலிருந்த தன் விசைத்தறிக் கொட்டகையை இழுத்துப் பூட்டினார். வேலை போன பரந்தாமன் பி.எஃப். பணம் கேட்டு மனுப் போட்டான். மாதாமாதம் அவன் கூலியில் பிடித்ததை முதலாளி பி.எஃப். ஆபீசில் கட்டவே இல்லை. அங்கே பரந்தாமன் என்றொரு ஆளே கிடையாதாம்.

விசாரிக்க பி.எஃப். இன்ஸ்பெக்டர் வேதாசலம் கொட்டகைக்கு வந்தார். வந்தவர் பரந்தாமனை உற்றுப் பார்த்தார்.

"உங்களை எங்கயோ பாத்திருக்கேனே?"

பரந்தாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போன வருஷம் இதே இன்ஸ்பெக்டர் ஆள் கணக்கு எடுக்க வந்தபோது, ஆட்களைக் கணக்கில் காட்டாமலிருக்க முதலாளி தறிகளை நிறுத்தி, எல்லோருக்கும் சந்தனம் பூசி, கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் என்று சொல்லிவிட்டார். பரந்தாமனும் வெற்றிலையை மென்றபடி தலையாட்டினான். இப்போது எந்த வாயால் அதை மறுப்பது?

முதலாளி முந்திக்கொண்டார். "இவரு எங்க பாவா சார். அக்கா வூட்டுக்காரரு. ஒத்தாசைக்கு வந்து போவாரு. கூலியாளு இல்ல."

பரந்தாமனுக்குப் பின்னால் நின்ற அவன் மனைவி வரலட்சுமி முன்னே வந்தாள்.

"ஆங், நெசந்தான் சார், நான்தான் அக்கா. ஏன் தம்பி, தை மாசம் என் பொண்ணுக்கு மலைமேல முருகன் கோயில்ல காதுகுத்து. தாய்மாமன் மடியிலதான ஒக்கார வெக்கணும்? கம்மலு, கொலுசு, பட்டுப் பாவாடை எல்லாம் எடுத்துட்டியா?"

முதலாளி வாசல் பக்கம் நகர்ந்தார். வரலட்சுமி விடவில்லை.

"அப்பறம், இந்தக் கொட்டகை நம்ம நைனா வாங்கிப் போட்டதாச்சே. என் பங்க எப்ப பிரிச்சிக் குடுக்கப்போற?"

"ஐயோ சார்!" முதலாளி அலறினார். "இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது! இவன் எங்கிட்ட வருசக்கணக்கா தறி ஓட்டிக்கினு இருந்தவன்!"

வேதாசலம் அதை அப்படியே எழுதி, முதலாளியிடம் கையெழுத்தும் வாங்கினார். "நீங்க கட்டாததை உங்ககிட்ட வசூல் பண்றது எங்க வேலை. அதுக்காக உழைச்சவருக்கு இல்லேன்னு சொல்ல முடியாது" என்றார்.

பரந்தாமன், "அன்னிக்கு நானும் பொய்தான் சார் சொன்னேன்" என்றான்.

"தெரியுது. அந்தக் கல்யாணத்துக்கு நான் மொய் வேற எழுதினேன். அதை யார்கிட்ட வசூல் பண்றதுன்னுதான் சட்டத்துல இல்ல!"

ஆடிக்கிருத்திகைக்கு முன்னால் பணம் வந்தது. பிறகு அம்மையார்குப்பத்தில் பரந்தாமனுக்கு வேறு தறியில் வேலை கிடைத்தது. முதல் கூலியிலேயே பி.எஃப். பிடித்தார்கள். மறுநாள், "கட்டின ரசீதைக் காட்டுங்க" என்று வரலட்சுமி அங்கே போய் நின்றாள்.