கல்லில் ஏறாத பெயர்

கதிரவன் கடலின் விளிம்பில் இறங்கி நீர்ப்பரப்பெங்கும் செம்பொன்னைக் கரைத்துவிட்டாற்போல் ஒளி பரப்ப, பண்டகசாலைகளின் ஓட்டுக்கூரைகள் அவ்வொளியை வாங்கி மெல்ல மெல்ல இழந்துகொண்டிருக்க, சுமை இறக்கிய தோளினர் கயிற்றுச் சுருள்களைத் தாண்டி இல்லம் நோக்கி நடந்த வேளை அது. துறைமுக முற்றத்தில், உப்புக்காற்று தின்று எழுத்து மங்கிய கருங்கல் தூண் ஒன்று நின்றது. முன்னொரு காலத்தில், பேரரசி ஒருத்தியின் கொடிக்காகக் கடல் கடந்து, தமக்கு எத்தீங்கும் இழைத்தறியா மக்களோடு பொருது மாண்ட அவ்வூர் மறவரின் பெயர்களைத் தாங்கிய தூண் அது.

அதற்கு எதிரே, மணிப்பொறிகளைப் பழுதுநீக்கும் சிறு கடையில், நரையோடிய ஒருவர் வாயிலையே நோக்கி அமர்ந்திருந்தார். அவருடைய அன்னை தொட்டிற் குழவியாயிருந்தபோது அந்தப் போருக்குச் சென்ற பாட்டனார், மீண்டவருள்ளும் இலர். மாண்டவர் தூணிலும் இலர். மங்கிய எழுத்துகளை நகர மன்றத்தார் மீண்டும் வெட்டுவிக்க முனைந்து, போரில் இறந்தமை தெளிவானால் அவர் பெயரையும் சேர்ப்போம் என்றனர். பார்வை குன்றிய முதிய அன்னையோ, தந்தையின் பெயரை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தால் போதும் என்றிருந்தாள். பழைய வீரர் குடும்பங்களின் வாயில்தோறும் சென்று வினவி, அவர் ஏறிய கப்பலையும் இறங்கிய கரையையும் அறிந்த மகன், அந்நாட்டுக்குப் போகவிருந்த கடலோடி ஒருவனிடம் தேடும் பணியை ஒப்படைத்திருந்தார். அக்கடலோடிதான் இப்போது உள்ளே நுழைந்தான்.

"உங்க மூக்கு அங்கயும் ஒண்ணு நடமாடுது அண்ணே," என்றான். பின் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "படையோட வந்து தங்கிட்ட வெளியூர்க்காரர் யாராவது உண்டான்னு கேட்டேன். ஒரு தச்சர் வீட்டைக் காட்டினாங்க. உங்க தாத்தா போர்ல சாகல. ஊரைக் கொளுத்தச் சொன்னாங்களாம். முடியாதுன்னு ஓடிட்டார். திரும்பினா தூக்குல போடுவாங்கன்னு பயந்து அங்கயே இருந்துட்டார். கல்யாணம், பிள்ளைங்க எல்லாம் ஆயிருக்கு. வயசாகித்தான் போனாராம். அந்தத் தச்சர் அவரோட பேரன்தான், அவரே சொன்னார்."

கையிலிருந்த இடுக்கியை அவர் மேசைமேல் வைத்தார்.

"அம்மாகிட்ட போர்ல செத்தாருன்னே சொல்லிடுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்," என்றான் கடலோடி.

வழிநெடுக அச்சொல்லையே நெஞ்சில் உருட்டியவராய் இல்லம் சேர்ந்தார். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அன்னை, காலடி ஓசை கேட்டு நிமிர்ந்தாள்.

"பேரை வெட்டுறாங்களாப்பா?"

நாநுனி வரை வந்த பொய், அவள் முகத்தைக் கண்டதும் நின்றுவிட்டது.

"இல்லம்மா," என்று தொடங்கி, ஒன்றையும் மறையாமல் சொல்லி முடித்தார்.

அன்னை அழவில்லை. மடித்த துணியையே பிரித்து மீண்டும் மடித்தாள். "எங்கம்மா கடைசி வரைக்கும் அவர் செத்துட்டாருன்னு சொல்லல. நான்தான் அவளோட சண்டை போடுவேன்," என்றாள். பின், "அங்க பொண்ணு உண்டா?" என்று கேட்டாள்.

"ஒரு பொண்ணும்மா. இன்னும் இருக்காங்களாம்."

"அவளைத் தூக்கி வளர்த்திருப்பார், இல்ல?"

மகன் அருகமர்ந்து, மடித்த துணிகளை அடுக்கத் தொடங்கினார்.

"அந்தக் கடலோடித் தம்பி மறுபடி போகுமா? போனா, அவகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொல்லு. அவர் குரல் எப்படி இருக்கும்னு."

கடலோடி அவ்வினாவை ஏற்றுப் புறப்பட்டான். தூண் புதுக்கப்பெற்றது, பாட்டனார் பெயர் அதில் ஏறவில்லை, அன்னை அதைப் பற்றி வினவவும் இல்லை. ஆயின் மாலைதோறும் துறைப்பக்கத்துச் சாளரத்தைத் திறந்துவைத்து, வந்தணையும் கப்பல்களின் ஊதொலியைச் செவிமடுத்திருந்தாள். போர் முடிந்தது என்று அரசுகள் என்றோ அறிவித்துவிட்டன. ஆண்டோரும் மறைந்தனர், மாண்டோரும் மறக்கப்பட்டனர். தன்னை ஒருநாளும் பெயர்சொல்லி அழைத்திராத தந்தையின் குரலுக்கு ஏங்கும் ஒரு முதுமகளின் செவியிலோ, அப்போர் இன்னும் ஓய்ந்தபாடில்லை.